தினமும் துக்க தேவ இரகசியம்

கடலூர் முதுநகர்,
14-11-2009, சனிக்கிழமை.

அன்பு மகள் பெலிசியாவுக்கு அப்பா மரியலூர்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி ஜெகனும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், முழுக்கப் படித்துவிட்டு அது சரியா என்று நீயே சொல். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே? உள்ளதை எழுது. துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டைகளைச் சரிபார்த்தவன் நான், என்னிடம் எதையும் மறைக்க முடியாது. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் கடிதம்.

இரண்டு மாதமாகவே இந்த வீட்டில் எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. காலை ஜெபமாலையை அம்மாதானே நடத்துவாள். ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சொல்கிற துக்க தேவ இரகசியத்தைத் தினமும் சொல்ல ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கறி வாங்கி வந்தால், இன்னைக்குப் போயி கவுச்சியா என்று முறைக்கிறாள். சரி, உனக்கு அங்கே ஏதோ கஷ்டம், அம்மாவும் மகளும் என்னிடம் மறைக்கிறீர்கள், அதற்காக யாருக்கும் தெரியாமல் நோன்பும் ஒறுத்தலுமாக இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ போன் செய்யும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. மாப்பிள்ளையைக்கூடச் சந்தேகப்பட்டேன், அவரிடம் சொல்லிவிடாதே.

இதற்கு நடுவில் ஜெகன், கண்ணு காட்டிட்டு வரலாம்ப்பா, ரெண்டு பேரும் வாங்க என்று வியாழக்கிழமை சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். கடலூரில் இல்லாத கண் டாக்டரா? பஸ் பி.முட்லூர் தாண்டும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அங்கே போனால் போர்டில் மறதி நோய்த் தடுப்பு வெளிநோயாளிப் பிரிவு என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. போன மாதம் குடையைக் கோயிலில் விட்டுவிட்டு வந்தேன், அதை வைத்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள், இதில் நீயும் கூட்டு என்று நினைத்தேன். சுவர்க் காலண்டரில் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். நர்ஸ் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல தாத்தா, செத்த கம்முனு இருங்க, அவுங்களத்தான் கேக்கணும் என்று அம்மா பக்கம் திரும்பினாள்.

இன்னைக்கு என்ன கிழமம்மா என்று கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழம, காலையிலகூட துக்க தேவ இரகசியம் சொன்னனே என்றாள். அன்று வியாழக்கிழமை. இத்தனை நாளும் அவளுக்கு எல்லாக் கிழமையும், நாம் கறி தொடாத வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கிறது. அப்புறம் பிள்ளைகள் பெயரைக் கேட்டார்கள். ஜெகன் என்று சொன்னாள். உன் பெயருக்குக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சொல்லிவிட்டாள்.

டாக்டர், இது ஆரம்பம்தான், வாராவாரம் கூட்டிட்டு வாங்க, நடக்க வைங்க, பாட வைங்க, ஜாஸ்தி ஆவாம பாத்துக்கலாம் என்றார். அதையும் நான் முழுசாக நம்பவில்லை, சமாதானத்துக்குச் சொன்னாரோ என்னவோ. ஆனாலும் அடுத்த வியாழன் நானே கூட்டிப்போவேன். அம்மா போனில் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாள் என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாயாம், ஜெகன் வரும் வழியில் சொன்னான். தினமும் பக்கத்திலேயே முழங்காலில் இருந்து ஜெபமாலை சொன்ன எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, பெலிசியா. இன்று காலையும் அவள் துக்கம்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை, கூடவே சொன்னேன்.

குழந்தைகளுக்கு என் முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி போன் செய்யும்போது, நான் யாருன்னு சொல்லு பாப்போம் என்று அம்மாவிடம் எப்போதும்போல விளையாடாதே. எடுத்ததும் நான் பெலிசியா பேசுறேம்மா என்று சொல்லிவிடு.

உன் அப்பா,
ம. மரியலூர்து