ஃபிரிட்ஜ் திருகில் நீலம்

அக். 5, ஞாயிறு

வெயில். மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, தாராவி முழுக்க ஆவி பிடிக்கிறது. இன்றைய வேலை: கணக்குப் பாடம், தலைக்குக் குளியல், அம்மாவின் இட்லிப் பாத்திரம். (முதல் இரண்டும் பொய்.)

காலையிலேயே திட்டு. செல்வி அக்கா குழாயடிக்குப் போய் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள்.

"ஏட்டி, இன்னொண்ண எங்க ஒளிச்சு வச்ச?"

போன மாதம் ஒளித்தேன். ஒப்புக்கொள்கிறேன். இன்று பாயை விட்டே எழவில்லை. செருப்பு பாதி வழியில் கிடந்தது. யார் வேலை?

இன்னொரு சந்தேகம்: அக்காவின் ஊசி டப்பா. ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டி இருக்கும். அட்டை முழுக்க ஈரம். ஏன்?

அவளுக்கு எம்.எஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும். இரண்டு வருடம் முன்பு ஒரு கண் மங்கியது. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி ஊசி. நோயைத் தீர்க்காது, அடுத்த அடி விழாமல் பார்த்துக்கொள்ளும். நர்ஸ் எழுதிக் கொடுத்தது ஃபிரிட்ஜ் கதவில்: "உறையக் கூடாது. குளிர்த் திருகு 3-ஐத் தாண்டக் கூடாது."

அக். 7, செவ்வாய்

டியூஷன் விட்டு வந்து தண்ணீர் எடுக்கப் போனால் திருகு 7-இல். காலையில் 3. என் கண்ணால் பார்த்தது.

"நான் ஏன் தொடப்போறேன்? உன் சேட்டையாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா.

சந்தேகப் பட்டியல்:
1. அம்மா. காரணம் பலம். கூடையில் இட்லி விற்பவள், இந்த வெயிலில் மாவு பொங்கிப் புளிக்கிறது. போன மாதக் கடைசியில் ஒருவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்: "இட்லியாம்மா, எலுமிச்சங்காயா?" அரைக் கூடை அப்படியே வீடு வந்தது.
2. அப்பா. வாஷி மார்க்கெட்டில் வேலை, ஞாயிறு மட்டும் வீடு. விடுதலை.
3. நான். நான் இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

அக்கா பட்டியலிலேயே இல்லை. தன் மருந்தைத் தானே கெடுப்பாளா?

அக். 9, வியாழன்

பொறி தயார். துணிக்குப் போடும் நீலம், வாசலினில் குழைத்து, திருகின் அடிப்பக்கம். அம்மா மாட்டினால் நாளை தாராவிக்கு நீல இட்லி.

அக். 10, வெள்ளி

காலை. ரேகை பார்க்கிறேன் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். சுத்தம். ஃபிரிட்ஜில் ஊசி டப்பா ஐஸில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா அதற்குள் வேலைக்குப் போயாச்சு.

சாயங்காலம். அக்கா ஊசியை எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தாள், வழக்கம்போல. பிறகு கையில் எடுத்தாள். கட்டைவிரல் நீலம். பேனா மை என்று நினைத்திருந்தாளாம்.

சிரிப்பு வரவில்லை.

"அதப் போடாத. காலைல ஐஸா இருந்துச்சு."

"இப்பத் தண்ணியாத்தான இருக்கு. பாரு, தெளிவா."

"நீதான திருகுன?"

ஊசியைக் கீழே வைத்தாள். "இட்லி திரும்பி வந்தன்னைக்கு அம்மா அதையே மூணு வேளையும் தின்னா, பாத்தியா? என் ஊசிக்காவ அவ மாவு புளிக்கணுமா? சாயங்காலம் ஏத்துவேன், காலைல எறக்கிருவேன். ஒறையிற அளவுக்குப் போவும்னு தோணல, குளுமை கூடுனா மருந்துக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரமா."

ஆறு ஊசி. நான் போன் போட்டேன். நர்ஸ் ஹிந்தியில் கொட்டினாள். ஒரு தடவை உறைந்தாலே போச்சு. உருகின பிறகு பார்த்தால் தெரியாது. போட வேண்டாம், டப்பாவோடு கொண்டு வாருங்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகவும் போடக் கூடாது. கடைசியில்: புதிதாக ஏதாவது தொந்தரவு உண்டா?

அக்கா என்னைப் பார்த்தாள்.

"செருப்ப நீ எடுக்கலட்டி. கழண்டது எனக்குத் தெரியல. இடது பாதம் மரத்துக் கெடக்கு."

அதை நான்தான் ஹிந்தியில் சொன்னேன். நாளை காலையே வரச் சொன்னாள். திரும்பினால் வாசலில் அம்மா, கை நிறைய மாவு.

அக். 11, சனி

ஆஸ்பத்திரி. புது அடிதான். மூன்று நாள் போய் டிரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டுமாம். உறைந்த மருந்தாலா என்று கேட்டேன். டாக்டர்: "சொல்ல முடியாது. நல்ல மருந்து போட்டாலும் வரலாம். மரத்ததும் ஏன் சொல்லவில்லை?" அக்கா தரையைப் பார்த்தாள்.

ஆட்டோவில் அம்மா: "மாவு போனா நாளைக்கு அரைப்பேன். கால் போனா அரைக்க முடியுமாட்டி, மூதேவி?" அழுதுகொண்டே. மூதேவி சிரித்துவிட்டாள்.

அக். 16, வியாழன்

புது டப்பா. நடுத்தட்டு, சுவரைத் தொடாமல். உள்ளே குட்டி தெர்மாமீட்டர். திருகின் மேல் டேப், டேப்பின் மேல் என் கையெழுத்து. மாவு இனி பாதி பாதியாக இரண்டு அரைப்பு. உளுந்து கழுவுவது என் தலையில். நீலத்துக்குத் தண்டனையாம். பரிசு தர வேண்டியவர்கள்!

அக்காவை இன்னும் நம்பவில்லை. நடக்கும்போது பாதத்தையே பார்க்கிறேன்.

நவ. 2, ஞாயிறு

மேகம். அக்கா ஸ்டூலில், கண் போனில். தரையோடு ஊர்ந்து போனேன். இடது செருப்பை மெதுவாக, பூ பறிப்பது மாதிரி உருவினேன். பாதிகூட வரவில்லை.

போனிலிருந்து கண்ணை எடுக்காமல்:

"செருப்ப வையி, சனியனே."