ஸ்டார்ட் மெனுவில் ஒரு சண்டை

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்தே இராத ஒருத்தியோடு சண்டை போட முடியுமா? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் மேசைக்கு ஒரே கணினி. காலையில் அவள், மதியத்துக்கு மேல் நான். அதைத் திறந்ததும் வரும் ஸ்டார்ட் மெனு பட்டியலில் கால்குலேட்டரை நான் மேலே வைப்பேன். மறுநாள் போனால் அது கீழே கிடக்கும். அவளுடைய காலண்டர் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். திரும்ப மாற்றுவேன். இங்கே நான் வந்துபோவதைக் கவனிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இன்று கணினிக்காரரிடம் புகார் சொன்னேன்.

"மெனுவை இப்படியே பூட்டிடட்டுமாக்கா? அப்புறம் அவங்களால நகர்த்த முடியாது. உங்களாலயும் முடியாது, பரவாயில்லையா?"

"பூட்டுங்க. விட்டது தொல்லை."

என் வீம்பு உங்களுக்குத் தெரியாததா!

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பிவையுங்கள். கூடவே ஒரு கடிதம், இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். விஷயம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மனைவி

மறுநாள்: தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். மதியம் போய்த் திறந்தேன். எல்லாம் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளுடைய காலண்டரை நானே மேலே இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை.