ஈரமணலில் வைத்த இன்சுலின்

கல்முனை
12.03.1982

அன்பு மகனுக்கு உம்மாவின் ஸலாம்.

நான் ஊசிக்குப் பயந்து மருந்தை மூலையில் போட்டுவிட்டதாக எனக்குத் தங்கையாக இருந்தும் உன் சாச்சி ஊரெல்லாம் கதைக்கிறாள். அது பொய். நீ லண்டனிலிருந்து அனுப்பிய இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய சட்டியில் குளிராக வைத்திருக்கிறேன். அந்த ஈரத்தில் லேபல் ஊறிக் கரைந்துவிட்டது. மாட்டிலிருந்து எடுத்ததா, பன்றியிலிருந்து எடுத்ததா என்று வாசிக்க முடியவில்லை.

"உசிருக்கு ஆபத்தெண்டா எதுவும் ஹலால்தான் ராத்தா, குத்துங்க" என்கிறாள் சாச்சி.

"என்ன உள்ள போகுதெண்டு தெரியாம குத்த மாட்டன்" என்றேன்.

"கொன்வென்ட்ல படிச்ச பிடிவாதம்!"

என் உடம்பில் இன்சுலின் சுரக்கிறதாம். உடம்புதான் அதன் சொல்லைக் கேட்பதில்லையாம். மாத்திரையும் இனிப் போதாது என்கிறார் டொக்டர்.

பகலிலேயே கண் சொருகுகிறது. கடல் மெல்ல வாசல்வரை வந்து நிற்கிறது. உன் வாப்பா இளநீர் சீவித் தருகிறார். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவில்லை. விழித்தால் வாசலில் வெறும் மணல். நேற்று அந்த மணலில் என் செருப்புக் கழன்றதைக் கால் அறியவில்லை. சாச்சி எடுத்து வந்து தந்தாள்.

மாடு என்றால் அன்றே போட்டுக்கொள்வேன். மற்றதென்றால் யோசிக்க வேண்டும். என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் எழுதாதே. எந்த மிருகம் என்று உன் கையால் பதில் எழுது.

உம்மா