யார் முதலில் அழுவது

மார்ச் 4
சாக்கடைத் தண்ணீர் மறுபடியும் அறைக்குள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவரைக் கட்டிலோடு செங்கல் வைத்து உயர்த்தியாயிற்று. இதற்கு மேல் உயர்த்தினால் கூரைதான்.

நாளை நகராட்சியில் குறைகேட்பு. புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். நாத்தனார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்படியா போவீங்க அண்ணி? மனு கொடுக்க வந்தவங்க மாதிரி இல்ல, மனு வாங்க வந்தவங்க மாதிரி இருக்கீங்க.”

மார்ச் 5
அவள் சொன்னதுதான் நடந்தது. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே காலம் தள்ளியவள் நான். தேதி வாரியாகச் சொன்னேன். சாக்கடை மேற்பார்வையாளர் தன் அதிகாரியின் காதில், எனக்கும் கேட்கும்படி, “வசதியானவங்க சார். பொழுது போகாம மனு போடறாங்க” என்றார். பக்கத்தில் ஒருவர் ஓவென்று அழுதார். அவருக்கு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 8
அடுத்த வாரம் தெருவிலேயே விசாரணையாம். நாத்தனார் பயிற்சி தருகிறாள். “கண்ணாடியக் கழட்டுங்க. பாயிண்ட் பாயிண்டா பேசாதீங்க. பாதியில தொண்டை அடைக்கணும்.” அடைத்துப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. கட்டிலில் இருந்தபடி இவர் பாதி வாயால் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

மார்ச் 12
கிழிந்த புடவை, கலைந்த தலை. எல்லாம் தயார். வாயைத் திறப்பதற்குள் மேற்பார்வையாளர் அழுதுவிட்டார்!

“எனக்கு மேல அஞ்சு பேரும்மா. கீழ ஒருத்தனும் இல்ல. என் பொண்ணுக்கு வேற உடம்பு சரியில்ல. நீங்க விடாம மனு போட்டா என் வேலை போயிடும்.”

“பாவம்க்கா அவரு” என்றாள் எதிர்வீட்டுக்காரி. யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள். என் வீட்டு நாற்காலி. நாலு நாளில் உடைந்த சாக்கடைக் குழாயை மாற்றுவதாகச் சொல்லித் தாளை நீட்டினார். ‘குறை தீர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்டேன். நான்! ஊருக்கெல்லாம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னவள். தூ.

மார்ச் 17
தண்ணீர்.

மார்ச் 23
இவர் முதுகுப் புண்ணில் சீழ். இந்த அறையில் வைத்திருந்தால் பிழைக்க மாட்டார் என்கிறார் டாக்டர்.

மேற்பார்வையாளரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து காட்டினேன். மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார். “அழாதீங்க சார், இங்க ஏற்கனவே நிறையத் தண்ணி நிக்குது” என்றேன். வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. “இவ்வளவு திமிரு ஆகாது” என்று ஒரு குரல். திமிர்தான். அதுவும் இல்லாவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 2
இவரை நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இடம் ஒருவருக்குத்தான். நான் போய்ப் போய் வர வேண்டும்.

ஏப்ரல் 10
மேற்பார்வையாளருக்கு மாற்றல் உத்தரவு. அவரை மாற்றக் கூடாது என்று தெருவே மனு போடுகிறது. என் மனுவுக்கு ஒரு கையெழுத்துத் தராத தெரு.

எதிர்வீட்டுக்காரி வந்தாள். “நீங்கதான்க்கா அழகா அடிச்சுத் தருவீங்க. பாதிக்கப்பட்டவங்களே சொன்னா இன்னும் நல்லா எடுபடும்.”

கதவைச் சாத்தத்தான் கை போனது. புதிதாக வருகிறவர் கோப்பில் என்ன பார்ப்பார்? ‘குறை தீர்ந்தது’, கீழே என் கையெழுத்து. குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்தவர் அழுகிற அந்த ஆள் ஒருவர்தான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அடித்தேன். ‘கருணை உள்ளம் கொண்ட’ என்ற வார்த்தையை எதிர்வீட்டுக்காரி சேர்க்கச் சொன்னாள், சேர்த்தேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.