வெடித் தீயில் நான் பார்க்காத முகம்

அண்ணா,

போன வாரம் கோயிலில் கதினா வெடித்தார்கள். இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்தவர் ஓடி விலக, அடுத்தடுத்து மூன்று வெடி. பட்டப்பகல். புகை தென்னந்தோப்புப் பக்கமாகச் சாய்ந்து வந்து எங்கள் மேல் படிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கரிமருந்து வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு இரண்டு இரவுகள் ஞாபகத்துக்கு வரும். இரண்டிலும் நீங்கள் இருக்கிறீர்கள். இல்லை, முதல் இரவில் நீங்கள் இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன். நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆன பிறகு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கம் பாதித் தோட்டங்களுக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. இருட்டு என்றால் கை நீட்டினால் கை தெரியாது. எனக்கு இருபத்து நாலு வயது. அப்பா இறந்த பிறகு மாமா வீட்டில் இருந்துகொண்டு அவருடைய பண்ணயத்தைப் பார்த்துவந்தேன். அவர் மகளை எனக்குத் தருவதாகப் பேச்சு. நீங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்; உங்கள் தோட்டமும் மாமாவின் தோட்டமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தவை. அன்று மத்தியானம் உங்கள் முறை முடியும் முன்னால் மாமா மடையை மாற்றி வெட்டிவிட்டார். நீங்கள் மண்வெட்டியோடு வந்து நின்றீர்கள்.

"இன்னொருக்கா மடையில கைய வெச்சா நா சும்மா இருக்க மாட்டனுங்க" என்றீர்கள். நாலு பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

இரவு தண்ணீர் பார்க்க மாமா போனார். நான் பின்னாலேயே போனேன். டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. திரும்பி வரும்போது, உங்கள் கரும்புக்காட்டு ஓரத்திலிருந்து ஒரு வெடி.

நான் பார்த்தது இதுதான். ஒரு செம்மஞ்சள் நாக்கு நீண்டு உள்ளே போயிற்று. அவ்வளவுதான். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதன் பிறகு என் கண்ணுக்குள் ஊதா நிறத்தில் ஒரு திட்டு நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திட்டுதான். அதுவரை தெரிந்துகொண்டிருந்த நட்சத்திரங்கள்கூடத் தெரியவில்லை. புகை வாசம் வந்தது. யாரோ கரும்புக்குள் ஓடும் சத்தம் கேட்டது. மாமா தொடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்திருந்தார். ரவை அவர் தொடையில் பாய்ந்திருந்தது.

"அவன்தான் மாப்பள. நீ பாத்தயல்ல?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பதில் சொல்லாததை அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் ஊர் முழுக்க அது நான் சொன்னதாகவே ஆகியிருந்தது.

மாமா பொய்க்காரர் இல்லை. நீங்கள்தான் சுட்டீர்கள் என்று சாகும்வரை மனதார நம்பினார். யாரோ காட்டுப்பன்றிக்கு வைத்த குறியில் நாங்கள் வந்து விழுந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரென்று இன்றுவரை தெரியாது. உங்களிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. இரண்டு நாள் முன்னால் பன்றிக்குச் சுட்டிருந்தீர்கள், அதனால் குழலில் மருந்து வாசம் இருந்தது. மத்தியானம் பேசிய பேச்சும் இருந்தது. நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்ல உங்கள் மனைவியான அக்கா ஒருவர்தான். கட்டின பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்த சாட்சி நான்.

கோர்ட்டில் எல்லாம் மலையாளம். உங்கள் வக்கீல் கெட்டிக்காரர். வெளிச்சம் எத்தனை நேரம் நின்றது, எத்தனை தப்படி தூரம், புகை முகத்தை மறைக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காற்று அடித்ததால் புகை விலகியது என்றேன். அன்று காற்றே இல்லை. கடைசியில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆ வெளிச்சத்தில் முகம் கண்டோ?"

மாமா கட்டையை ஊன்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் கூண்டில் நின்று என்னையே பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் இப்போது சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற பார்வை.

"கண்டு" என்றேன். முகத்தைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒன்றரை வருஷம் போட்டார்கள். அந்த ஆவணியில் மாமா மகளோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. உங்கள் கடலைக்காட்டில் பன்றி புகுந்து கிளறிப்போட்டிருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். அக்கா தகர டின்னைத் தட்டிக்கொண்டு இரவில் தனியாகக் காவல் இருந்தார்கள். மூன்று வயது மகனைக் கட்டிலில் போட்டு வைத்திருப்பார்கள். டின் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வேன்.

வெளியே வந்து ஒரு மாதம் நீங்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு அமாவாசையன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வந்தீர்கள்.

"அப்புனு, ராத்திரி ஒருக்கா வாய்க்கால் பக்கம் வா. பயப்படாத. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பயந்துகொண்டுதான் வந்தேன். நீங்கள் என்னை அன்று நான் நின்ற அதே வரப்பில் நிறுத்தினீர்கள். "இங்கயே நில்லு. கரும்பு ஓரத்துல இருந்து ஒரு வெடி வரும். வெறும் மருந்துதான், ரவை இல்ல. பாத்துட்டுச் சொல்லு" என்றீர்கள். மச்சினனிடம் துப்பாக்கி கேட்டு வாங்கியதாகவும் சொன்னீர்கள். உங்கள் காலடி கரும்புப் பக்கம் போவது கேட்டது. பிறகு அமைதி. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

வெடித்தது. அதே நாக்கு. அதே ஊதாத் திட்டு. ஒரு முகமும் தெரியவில்லை.

ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் கோர்ட்டில் சொன்னது பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் நீங்கள் கேட்கும் முன்னாலேயே கத்தினேன்.

"பாத்தனுங்கண்ணா! நீங்கதான்! மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுங்க!"

எனக்குப் பின்னாலிருந்து, கிணற்று மேட்டிலிருந்து, உங்கள் குரல் வந்தது.

"நா இங்க இருக்கறேன், அப்புனு."

கரும்பு ஓரத்திலிருந்து யாரோ நடந்து வந்தார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, அக்கா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். துப்பாக்கி கையில் இருந்தது. பன்றிக் காவலுக்காக அக்காவுக்குச் சுடக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான் என்றும், கரும்பைச் சுற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தீர்கள் என்றும் பிறகு சொன்னீர்கள்.

நீங்கள் என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள்.

"ஒண்ணர வருஷமா இதே ரோசனைதான் அப்புனு. இவன் பொய் சொன்னானா, இல்ல இவன் கண்ணு இவனை ஏமாத்திப்போட்டுதான்னு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நெனச்ச மூஞ்சிதான் அந்த வெளிச்சத்துல தெரியும்போல. நீ பொய் சொல்லல. அப்பிடித்தான?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாமா இல்லை, போலீஸ் இல்லை, கூண்டு இல்லை. கேட்டவர் நீங்கள் மட்டும். இல்லீங்கண்ணா, இப்பவும் ஒண்ணும் தெரீல, அன்னிக்கும் ஒண்ணும் தெரீல என்றால் முடிந்திருக்கும்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

கோர்ட்டில் சொன்னதைவிட இதுதான் என்னை அரிக்கிறது. அங்கே பயத்தில் சொன்னேன். இங்கே நீங்கள் என்னைக் காப்பாற்ற ஒரு வழி செய்து கொடுத்தீர்கள், நான் அதில் நுழைந்து போய்விட்டேன்.

அதன் பிறகு நீங்கள் என்னிடம் எப்போதும்போல் பழகினீர்கள். என் மூத்தவள் பிறந்தபோது வாசல்வரை வந்து நின்றீர்கள். என் மனைவி உங்களை உள்ளே கூப்பிடவில்லை. அவளுக்கு நீங்கள் அப்பாவை நொண்டியாக்கியவர். நீங்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனீர்கள். மீனாட்சிபுரம் டீக்கடையில் யாராவது அந்தக் கேஸைப் பற்றி எடுத்தால், "அவனைச் சொல்லாதீங்க, இருட்டு செஞ்ச வேலை அது" என்பீர்களாம். எனக்கு அதை வந்து சொல்வார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. அக்கா மட்டும் அந்த இரவுக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். அக்கா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அன்று முகம் தெரியவில்லை, பிறகு அக்கா சுட்டபோதும் தெரியவில்லை, உங்களிடம் ஆமென்று சொன்னதும் பொய்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க கத்துன கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அவருகிட்டச் சொன்னேன். அப்பிடிச் சொல்லாதேன்னு என்னையத்தான் வெய்தாரு."

பிறகு சொன்னார்கள்.

"இத அவரு இருக்கறப்பச் சொல்லியிருந்தா உங்க மேல கோவப்பட்டிருப்பாரு. வாய் நெறைய வெய்திருப்பாரு. மனசு ஆறியிருக்கும். அவரு ஒருத்தரு மேலயும் கோவப்பட முடியாமயே போய்ச் சேந்துட்டாருங்க."

தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்த உங்கள் மகனைக் கூப்பிட்டார்கள். அந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தலை நரைத்திருக்கிறது. "இவரு ஒண்ணு சொல்றாரு, கேளு" என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. கையில் பால் வாளியோடு அவன் கேட்டான்.

"பள்ளிக்கூடத்துல என்னையத் துப்பாக்கிக்காரன் மகன்னுதானுங்க கூப்புடுவாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். "அப்ப எங்கப்பனச் சுட்டது ஆரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அன்று போலீஸிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான். வாசல்வரை வந்து திரும்பிப்போன உங்களை நினைத்தாளோ என்னவோ, அழுதாள். ஒரு வாரமாகச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

அண்ணா, உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஏமாந்தவன் என்று நினைத்து ஒருவனை நீங்கள் மன்னித்தீர்கள். அப்படி ஒருவன் இருக்கவில்லை. நான் வாங்கியிருக்க வேண்டியது உங்கள் வசவை. அந்த வரப்பில் என் தோளில் வைத்த கையால் கன்னத்தில் ஒன்று. அது எனக்குக் கிடைக்கவில்லை. அது விழாத கன்னத்தோடுதான் இத்தனை வருஷம் ஊருக்குள் நடந்திருக்கிறேன், இன்னும் நடக்கிறேன்.