முப்பத்துநான்கு மீற்றர்

யூலை 6, ஞாயிறு

காலை 5:10. தாழ்வுபாட்டு வீதி, போய்வரப் பத்துக் கிலோமீற்றர். றிஸ்வி 1:11:05. றெபேக்கா 1:19:40. சோளகக் காற்று பலம். நான் வீதியில் போட்ட ஐந்தாவது கிலோமீற்றர் அடையாளத்துக்குப் பக்கத்தில் கழுதைகள் படுத்திருந்தன. ஓடுகிறவர்கள் சுற்றிப் போனார்கள். மணிக்கூட்டோடு பின்னால் வந்த நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

பிறகு பூசை. பிறகு பாண், சம்பல். பிறகு படுத்தேன். நித்திரை இல்லை, விழிப்பும் இல்லை.

யூலை 9

திரேசம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. துக்கம் பிறகுதான் வரும், அப்போது தாங்க மாட்டீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது. கன்னம் இருக்கிறது. என்னுடையதா என்று தெரியவில்லை. என்னில் ஏதும் குறையோ?

யூலை 13, ஞாயிறு

பதினைந்து. றெபேக்கா 2:01:30.

ஓடி முடிந்ததும் றிஸ்வி தன் தொலைபேசியைக் காட்டினார். "பாருங்கோ அங்கிள், பதினாலரை எண்டு காட்டுது. போனுக்கு விசர்."

"அங்கிளின்ர வெள்ளைக் கோடு பொய் சொல்லாது. நீங்கள் அந்தப் போனைக் கடலுக்க எறியுங்கோ" என்றாள் றெபேக்கா.

றிஸ்வியின் மருந்துக்கடைக்கு மார்ச்சில் பிரஷர் குளிசை வாங்கப் போனபோதுதான் இது தொடங்கியது. "நீங்கள் சேவையர்தானே அங்கிள், எங்களுக்கு ரோட்டை அளந்து தாங்கோவன்" என்றார். நான் சேவையர் இல்லை. முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். திருத்த வாய் வரவில்லை. திரேசம்மா இருந்திருந்தால் அவள் திருத்தியிருப்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கடைகளில் எனக்காகப் பேசியது அவள்தான்.

யூலை 20, ஞாயிறு

இருபது. றெபேக்கா 2:43:10.

திரும்பி வரும்போது சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தபடி போன வருடத்துக் கதையைச் சொன்னாள். யாழ்ப்பாணத்து ஓட்டம், நாற்பத்திரண்டு கிலோமீற்றர். ஆறு மணித்தியாலத்தில் வீதியை வாகனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். பிந்தி வருகிறவர்களை ஒரு வான் ஏற்றிக்கொண்டு வரும். அவளை முப்பத்தேழாவதில் ஏற்றியது.

அவள் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறாள். சதை பிரிக்கும் மேசையில் பதினாறு பெண்கள். "அண்டைக்கிருந்து எனக்கு அங்க பேர் வான் றெபேக்கா. பிந்தி வந்தா, 'வான் கிடைக்கேல்லையோடி?' எண்டு கேப்பாளுகள். நானும் சிரிக்கிறனான், அங்கிள். சிரிச்சுச் சிரிச்சே ஒரு வருசம் போட்டுது."

இந்த வருடம் செப்டெம்பர் 28. தன் காலால் கோட்டைத் தாண்ட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாமாம்.

ஓகஸ்ட் 8, போயா, பௌர்ணமி லீவு

முப்பது. மூன்று தரம் போய்வந்தார்கள். றெபேக்கா 4:06:00.

இந்த வேகத்தில் போனால் நாற்பத்திரண்டுக்கு 5:46. கையில் பதினான்கு நிமிடம் மிச்சம். கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் வீதியிலேயே குந்திக்கொண்டாள். "பதினாலு நிமிசமோ? அதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிக்கலாமே!"

றிஸ்வி இரண்டு கையையும் தூக்கி அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் குறிப்பேட்டை மூடினேன். சந்தோசப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது.

ஓகஸ்ட் 15

மடு மாதாவின் திருவிழா. றெபேக்கா குடும்பத்தோடு போயிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஒரே வீதி அலுத்துவிட்டது என்று றிஸ்வி பேசாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பிரதான வீதி, அரசாங்கத்தின் கிலோமீற்றர்க் கற்கள் இருக்கின்றன. சும்மா இருக்க முடியாமல் சைக்கிள் சில்லின் சுற்றை எண்ணினேன். கம்பியில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருக்கிறேன். அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று.

என்னுடைய கிலோமீற்றருக்கு 449 சுற்று.
இந்தக் கற்களுக்கு நடுவே 465.

பிழையாக எண்ணியிருப்பேன். அடுத்த கல்லுக்கும் எண்ணினேன். 465.

ஓகஸ்ட் 18

ரயருக்குக் காற்று அடித்தேன். பேசாலை வீதிக்குத் தனியே போனேன். 465, 464, 465.

வீதியை அகலிக்கும்போது கற்களைப் பிடுங்கி நட்டிருப்பார்கள். சரியாகவா நட்டிருக்கப் போகிறார்கள்?

ஆனால் எல்லாக் கல்லும் ஒரே அளவாகப் பிழைக்குமா?

ஓகஸ்ட் 19

அளவு நாடாவை அலுமாரியிலிருந்து எடுத்து விறாந்தையில் விரித்தேன். முப்பது மீற்றர், இரும்பு. நுனி உப்புக் காற்றில் கறள் பிடித்து உடைந்து பதினொரு வருடம். பூச்சியம் இல்லை. அதனால் ஒன்று என்ற கோட்டில்தான் பிடிக்க வேண்டும். பிடித்தால் வாசிப்பில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அளவை வேலையில் முதல் நாளே பழக்குவது இது. நுனி பிடிக்கிறவன் ஒவ்வொரு முறையும் "ஒண்டை வெட்டு" என்று கத்துவான்.

மதில் கட்டும்போது திரேசம்மாதான் நுனியைப் பிடித்தாள். "ஒண்டை வெட்டுங்கோ, மறந்திடாதேங்கோ!" பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

மார்ச் 16ஆம் திகதி நான் தனியே அளந்தேன். நுனியை ஆணியால் இறுக்கினேன். ஒன்று என்ற இடத்தில் ஆணித் துளை இன்னும் இருக்கிறது. மறுமுனையில் முப்பது என்று வாசித்தேன். இருபத்தொன்பது என்று வாசித்திருக்க வேண்டும். முப்பத்துநான்கு தடவை வைத்தேன், கடைசித் தடவை பத்துக்கு மட்டும். தடவைக்கு ஒன்று குறைவு. முப்பத்துநான்கு மீற்றர்.

என் கிலோமீற்றர் 966 மீற்றர். மற்ற நான்கு அடையாளங்களும் அதை வைத்துச் சில்லால் எண்ணிப் போட்டவை.

அந்த நாளின் குறிப்பை எடுத்து வாசித்தேன். "1000 மீ. 34 தடவை. வெயில். சரி." அவ்வளவுதான். வேறு எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

காது சூடாகியது. வெட்கம். நெடுநாளைக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று வந்தது, அது இதுவாக இருக்கிறது.

ஓகஸ்ட் 20

றெபேக்கா ஓடிய முப்பது, இருபத்தொன்பதுக்கும் குறைவு. உண்மைக் கணக்கில் முழு ஓட்டம் 5:58. பதினான்கு நிமிடம் இல்லை, இரண்டு. அதுவும் கடைசிவரை களைக்காமல் இருந்தால்.

சொல்ல வேண்டும். சொன்னால்தான் முதலிலிருந்தே வேகத்தைக் கூட்டுவாள்.

ஓகஸ்ட் 21

சொல்லவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சொல்லுவதென்று மூன்று வசனம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் வந்ததும் வராததுமாக, "அங்கிள், மேசைக்காரியளுக்குச் சொல்லிப்போட்டன். பதினாலு நிமிசம் மிச்சம், ரீவியில பாருங்கோடி எண்டு" என்றாள். கடதாசியைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஓகஸ்ட் 26

விடிய முன் போய்ப் பழைய கோடுகளைக் கறுப்பு மையால் மூடிவிட்டுச் சரியான இடங்களில் வெள்ளை அடித்தேன். முதலாவது 34 மீற்றர் தள்ளி. ஐந்தாவது 170 மீற்றர் தள்ளி. இந்த முறை ஒன்றை வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி அளவு சரி. யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அப்படித்தானே?

ஓகஸ்ட் 31, ஞாயிறு

"கோடு கொஞ்சம் தள்ளிக் கிடக்குதோ, அங்கிள்?"

"மணல்ல அழிஞ்சுபோச்சுது பிள்ளை. திருப்பி அடிச்சனான்."

"உங்களுக்குத் தெரியாததே" என்று சொல்லிவிட்டு றெபேக்கா ஓடினாள்.

இருபது. 2:49:00. போன மாதத்தைவிட ஆறு நிமிடம் கூட. அவள் என் மணிக்கூட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

செப்டெம்பர் 3

பத்து. 1:22:50. றிஸ்விக்கும் மூன்று நிமிடம் கூட. அவர் புரியாணியில் பழியைப் போட்டுவிட்டார். அவள் யாரிலும் போடவில்லை.

செப்டெம்பர் 5

இன்று வரவில்லை. மருந்துக்கடைக்குப் போய் விசாரித்தேன். அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தாளாம். எல்லாம் சரியாம். அதுதான் அவளுக்குப் பயம். "வருத்தமும் இல்லையெண்டா என்ர உடம்பு இவ்வளவுதான்" என்று சொன்னாளாம். யாழ்ப்பாணம் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாளாம்.

"நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ அங்கிள். உங்கட சொல்லைத்தான் தங்கச்சி கேக்கும்" என்றார் றிஸ்வி.

குளிசையை வாங்கிக்கொண்டு மிச்சக் காசை மறந்து வந்துவிட்டேன்.

என்ன செய்தேன் நான்? நல்ல காலை நொண்டியாக்கிப்போட்டு... வாய் திறக்கப் பயந்து.

செப்டெம்பர் 7, ஞாயிறு, போயா

கடைசியாக ஒருமுறை வரச் சொல்லி றிஸ்வியிடம் சொல்லி அனுப்பினேன். ஓடும் உடுப்பில்லாமல், செருப்போடு றிஸ்விக்குப் பின்னால் வந்தாள்.

மூன்று வசனமும் சட்டைப் பையிலேயே இருந்தன. நாடாவின் நுனியை அவள் கையில் கொடுத்தேன். "இதைக் கோட்டில பிடி பிள்ளை." விரித்துக்கொண்டு போய் மறுமுனையில் நின்றேன். "முப்பது" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லையே அங்கிள், இது உடைஞ்சு கிடக்குது. ஒண்டிலதானே பிடிச்சிருக்கிறன். அப்ப இருபத்தொன்பதெல்லோ?"

"ஓம்" என்றேன். "மார்ச்சில நான் முப்பது எண்டு எழுதினனான். முப்பத்துநாலு தரம்."

மிச்சத்தை ஒருவாறு சொன்னேன். கோட்டைக் கள்ளமாக மாற்றியதையும் சொன்னேன். சேவையர் இல்லை என்பதையும் சொன்னேன். அது ஏன் அப்போது வந்ததென்று தெரியவில்லை.

முதலில் றிஸ்விதான் பேசினார். "அப்ப என்ர போனுக்கு விசரில்லை!"

அவள் நாடாவைக் கீழே போட்டாள். "ரத்தம் குடுத்தனான் அங்கிள். எனக்கு என்னவோ வந்திட்டுது, பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு மூண்டு நாள் நித்திரையில்லை. உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சுதோ? ஒரு சொல்லு!"

போய்விட்டாள். நாடாவைச் சுற்ற நெடுநேரம் பிடித்தது.

செப்டெம்பர் 8

5:10க்குப் போய் நின்றேன். ஒருவரும் இல்லை.

செப்டெம்பர் 9

நின்றேன்.

செப்டெம்பர் 10

றிஸ்வி மட்டும் வந்தார். 1:13:40. சரியான பத்து.

செப்டெம்பர் 12

வந்தாள். காலணியோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் தனிய அளந்ததில நான் ஓடமாட்டன். திருப்பி அளப்பம். நுனியை நான் பிடிக்கிறன்."

முதல் கிலோமீற்றரை இருவருமாக அளந்தோம். முப்பத்தைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் வீதி அதிர, "ஒண்டை வெட்டுங்கோ!" என்று கத்தினாள். மீன் ஏற்றிப்போன லொறிக்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். இருபத்தாறாம் திகதி நான் போட்ட கோடு நான்கு விரல்தான் பிழை.

"இனி எவ்வளவு வேகம் வேணும்?" என்று கேட்டாள்.

"கிலோமீற்றருக்கு எட்டரை நிமிசத்துக்குள்ள பிள்ளை. மிச்சம் ஒண்டும் இராது."

"தேத்தண்ணி இல்லை, அப்ப" என்றாள்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இருபத்தைந்து. 3:30:20. கிலோமீற்றருக்கு 8:25. பேச்சு இல்லை. தண்ணீரை மட்டும் வாங்கினாள்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பத்து மட்டும். 1:18:55. போகும்போது, "வாற சனி பின்னேரம் மூண்டு மணிக்கு வான். றிஸ்வி அண்ணையின்ர. நீங்களும் வாறியள்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு, யாழ்ப்பாணம்

இரவே எழுதிவிடுகிறேன், மறந்துபோகும் என்பதற்காக அல்ல.

முடிவிடத்தில் வீதியில் கோடு பூசவில்லை. றப்பர் விரிப்பு ஒன்று, மேலே காற்றடித்து நிறுத்திய வளைவு. அவ்வளவுதான். அவர்கள் ஓடப் போன பிறகு எனக்கு வேலை இல்லை. நாடாவை எடுத்தேன். விளக்குக் கம்பத்திலிருந்து ஒரு அளவு, எதிர்ப்பக்க மதகிலிருந்து ஒரு அளவு. கறள் நுனியைப் பிடித்தது அங்கே வேலைக்கு நின்ற ஒரு பொலிஸ்காரர். விரிப்பின் ஓரத்தில் தாரில் ஒரு ஆணி அடித்தேன். ஏன் செய்தேன்? பழக்கம். பயமாகவும் இருக்கலாம்.

றிஸ்வி 5:14. வந்தவர் வீதியோரச் சீமெந்துக் குந்திலேயே படுத்துக்கொண்டார்.

5:50. 5:55. ஆறு மணித்தியாலம் ஆனதும் வளைவின் காற்றைத் திறந்துவிட்டார்கள். அது மெதுவாகக் குனிந்து வீதியில் படுத்தது. விரிப்பைச் சுருட்டினார்கள். பஸ்கள் வரத் தொடங்கின. ஏற்றும் வானும் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். அவள் இல்லை.

"ஒரு அக்கா ஏறமாட்டன் எண்டிட்டா" என்றார் சாரதி. "கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு எவ்வளவு தூரம் பக்கத்தில போனனாங்கள். எனக்கு ஏச்சு வேற."

பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் நடுவே, வீதியோரமாக வந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடை இல்லை. வளைவு இருந்த பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோடு எங்க அங்கிள்? எங்க இருந்தது?"

"இதில." ஆணியைக் காட்டினேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"ரெண்டு பக்கத்தாலயும் அளந்து வைச்சனான்."

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. றிஸ்வி எழும்பி நொண்டிக்கொண்டு போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவள் ஆணிக்கு ஓரடி முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். நின்றே விட்டாள்.

"ஒண்டை வெட்டினனீங்களோ?"

"வெட்டினனான் பிள்ளை."

காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

6:04:20. அவர்களுடைய பட்டியலில் அவள் பெயர் இல்லை. இதில் இருக்கிறது.

செப்டெம்பர் 30

நேற்று நண்டு மேசையில், "வான் கிடைக்கேல்லையோடி?" என்று கேட்டார்களாம். "கிடைச்சுது. நான்தான் ஏறேல்லை" என்றாளாம்.

மார்ச் 16ஆம் பக்கத்தைத் திருத்தினேன். அழிக்கவில்லை. 1000இன் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே 966 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கந்தோரில் அப்படித்தான் செய்வோம்.

பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தது. "திரேசம்மா போய் முப்பத்தேழாம் நாள். நுனி பிடிக்க ஆள் இருக்கவில்லை" என்று எழுதினேன். ஆள் என்ற சொல்லில் மை ஊறிவிட்டது. மேசையைத் துடைத்தேன், முகத்தையும்.

நாளை 5:10.