இலங்கையைப் பார்த்துக் கும்பிட்டவளுக்கு

அடியே,

வேங்கிக்கால் மெயின் ரோட்டில் இன்று காலை கருவாட்டு வண்டி நின்றது. அந்த வாடை என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தனுஷ்கோடியில் போட்டது. ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது.

போன வருஷம் ராமேஸ்வரம் போகலாம் என்று நச்சரித்தது நீ. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே நம்ம ஊருக்கு வருது. நாம எங்கடி போனோம்?" என்றாய். ஒரே ஆபீசில் எதிரெதிர் சீட்டில் இத்தனை காலம் உட்கார்ந்தவர்கள், ஒரு கடலைச் சேர்ந்து பார்த்ததில்லை. நியாயமாகப் பட்டது. நம்பி வந்தேன்.

கூரை போன சர்ச் கட்டடத்தைப் பார்த்தோம். அந்தக் காலத்துப் புயலில் ரயிலோடு போனவர்களைப் பற்றி வேன் டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ என் காதருகே வந்து, "அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்றாய்.

"தெரிஞ்சா எவளாவது ஏறுவாளாடி?"

"நான் ஏறுவேன். ஜன்னல் சீட்டா பாத்து உக்காந்துப்பேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அரிச்சல்முனையில் ரோடு முடிந்துவிட்டது. ஒரு பக்கக் கடல் ஏரி மாதிரி சும்மா கிடந்தது. இன்னொரு பக்கம் இரைந்தது. திடீரென்று "நம்ம மலை எந்தப் பக்கம்டி?" என்றாய். பஸ் ஏறினாலும் இறங்கினாலும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நீ. அங்கே அது இல்லாமல் தவித்துப் போனாய். நீயாக ஒரு திசையை முடிவு பண்ணி, கண்ணை மூடி, கை கூப்பி ரொம்ப நேரம் நின்றாய். மாங்காய் விற்றவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அங்கிட்டு இலங்கைக்கா. உங்க ஊரு பின்னாடி இருக்கு" என்றாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ திரும்பி நின்று மறுபடியும் முதலிலிருந்து கும்பிட்டாய்.

அப்புறம் மணலில் உட்கார்ந்தவள்தான். தண்ணீருக்குக் கூப்பிட்டால், "கால் வலிக்குது, நீ போ" என்றாய். சோம்பேறி என்று திட்டிவிட்டுப் போனேன்.

உன் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் சொன்னார். "டாக்டர் அப்பவே கைய விரிச்சிட்டாருங்க. உங்ககிட்ட சொன்னா அழுதுடுவீங்க, டூர் கெட்டுடும்னு அவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா."

டூராம்! மாமியார் சண்டையிலிருந்து மளிகைக் கடைச் சண்டை வரை மதியச் சாப்பாட்டில் என்னிடம் கொட்டினாயே, இதை மட்டும் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? மலையிடம் சொன்னாய், இலங்கையிடம்கூடச் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. ஆபீசில் எல்லோரும் "எவ்ளோ பெரிய மனசு" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஆமாம். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு சாயங்காலம் எனக்குச் சேர வேண்டியது. நீ தரவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்து நீ எடுத்த போட்டோக்களை உன் வீட்டுக்காரர் அனுப்பினார். இந்தக் கோபத்தோடு அவற்றையும் வைத்துக்கொண்டு திரிகிறேன். எல்லாவற்றிலும் நான்தான், அலைக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு. ஒன்றில்கூட நீ இல்லை.